எண்பதில் ஒரு பள்ளம்

அறுபதில் கேட்டது, எழுபதில் கொஞ்சம் மெலிந்தாலும் கேட்டது, நூற்றில் நன்றாகவே கேட்டது, எண்பதில் மட்டும் ஒன்றுமில்லை. சவரிநாதன், ஸ்பீக்கரைச் சோதிக்க ஒற்றைச் சுருதியை ஊதும் மடிக்கணினியின் திரையில் அந்தப் புள்ளியை மறுபடி எண்பதுக்கு நகர்த்திவிட்டு, ஒற்றை சோபாவில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிற்றில் வஞ்சிரக் குழம்பு, புதுச்சேரி குருசுக்குப்பத்து மாடி வீட்டின் கிழக்கு ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்து திரைச்சீலையை உப்ப வைத்து விடுவதும், பின்னால் போய் ஜன்னல் கம்பியோடு ஒட்ட வைப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தது, உள்ளறையில் பிலோமின் படுத்திருந்தாள், பூசை முடிந்து வந்த வேட்டி இன்னும் இடுப்பில் மொடமொடப்பாக இருந்தது, இப்படி ஒரு மத்தியானத்துக்காகத்தானே பிரான்சிலிருந்து வீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தோம் என்று நினைத்துக்கொள்ளலாம், நினைத்துக்கொண்டும் இருந்தான், அந்த எண்பது மட்டும் இல்லாவிட்டால். கிராஸ்ஓவர் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான். எந்தச் சுருதிக்குக் கீழே போனால் ஒலியை முன்னால் நிற்கும் இரண்டு ஒல்லி ஸ்பீக்கர்களிடமிருந்து வாங்கி மூலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டியிடம், அந்த ஊஃபரிடம், கொடுப்பது என்று சொல்லும் கோடு. எண்பது ஹெர்ட்ஸில் வைத்தால் மேலே உள்ளதை ஒல்லிகள் பாடும், கீழே உள்ளதைக் குண்டன் பாடுவான், கோட்டின் மேலேயே வந்து விழும் சுருதியை எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில் சத்தம் கூடத்தானே வேண்டும், அங்கே எப்படிப் பள்ளம் விழும்? கோட்டை நூற்றுக்கு நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பள்ளமும் கூடவே நகர்ந்து நூற்றுக்குப் போனால் கோளாறு கருவியில். நகராமல் எண்பதிலேயே கிடந்தால் கோளாறு காதில். ஒரே ஓர் அழுத்தல்தான். ரிமோட்டின் மேல் கட்டைவிரல் இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது, அழுத்தவில்லை.

காது என்கிற சொல்லை மனதுக்குள் உச்சரித்ததுமே அவன் கை தானாகப் போய் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போட்ட பையனின் கை போல. கொஞ்ச நாளாகவே இந்தக் கைக்கு இது பழக்கமாகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவனுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் யாரும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு இதே சோபாவில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு தடியன் கேக்கின் மேல் உட்கார்ந்துவிடுகிற கட்டம், அடுப்படியிலிருந்து பிலோமின் ஏதோ சொன்னாள், அவனும் ஏதோ காதில் விழுந்த மாதிரி இருக்கவே கூடவே சேர்ந்து சிரித்தான், அவளும் அந்தத் தடியனைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றாள். "பக்கத்துத் தெரு எலிசபெத்தோட அம்மா போயிட்டாங்களாம்" என்றாள், மெதுவாக, நேராக அவன் முகத்தைப் பார்த்து. அதற்கு அவன் என்ன சொன்னான் என்பது இப்போது ஞாபகமில்லை, அவள் என்ன சொல்லவில்லை என்பதுதான் ஞாபகமிருக்கிறது. செவுட்டு மகராசா என்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில், பிரான்சில் சார்செல் வீட்டில் ரயில் போகும்போதெல்லாம் பேச்சு அடிபட்டுப் போகும் காலத்தில், அவளாகச் சூட்டிய பட்டம் அது. இருபது வருஷத்துக்கு மேலாக, அவன் ஒரு தடவை "என்னா?" என்று கேட்டால் போதும், உடனே வரும், "என் செவுட்டு மகராசா, காதுல விழுதுங்களா?" என்று ராகம் போட்டு. மகள் ஆனுக்குப் பேச்சு வந்த வயசில் அதுவும் அதே ராகத்தில் "மகலாசா" என்றது. அன்றைக்கு அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறம் பிலோமின் எதைச் சொல்வதானாலும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எழுந்து வந்து, எதிரில் நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள், விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி. அவனும் "என்னா?" என்று கேட்பதை விட்டுவிட்டான். காதில் விழாவிட்டாலும் தலையாட்டினான். தலையாட்டுவது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உண்மையிலேயே செவிடாகிவிட்டவனை யாரும் செவிடன் என்று சொல்வதில்லை, அதுதான் விஷயம், அதை அவன் அப்பாவிடம் பார்த்திருக்கிறான். அப்பா அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர், ஊருக்கு வந்து கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்று ஐம்பது வயசு ஆவதற்குள் காதைத் தொலைத்தவர். முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் கேலி நின்றது. கேலி நின்ற கொஞ்ச நாளில் வேறொன்றும் நின்றது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, சவரிநாதனே இப்போதுதான், இந்தச் சோபாவில் உட்கார்ந்துதான், கவனிக்கிறான். அம்மா முன்பெல்லாம் அவரிடம் ஊர்க்கதை பேசுவாள், கோயிலில் யார் யாரோடு சண்டை, எதிர்வீட்டுக்காரி எந்தப் புடவையை எத்தனை தரம் கட்டுகிறாள், மீன்காரி ராசாத்தி மருமகளைப் பற்றிச் சொன்னது, அதற்கு இவள் சொன்னது, ஒன்றுக்கும் உதவாத பேச்சு, அதைத்தான் அவர் ஈசிச்சேரில் கிடந்து கேட்டுக்கொண்டே இருப்பார். உதவாத பேச்சைக் கத்திச் சொல்ல யாராலும் முடியாது. கத்த வேண்டியிருந்தால் மனுஷர்கள் வேண்டியதை மட்டும்தான் சொல்வார்கள். சோறு. மருந்து. கதவு. ஆள் வந்திருக்கு. அம்மாவின் ஊர்க்கதை அவர் தலைக்கு மேலாகப் பெரிய அக்காவுக்குப் போக ஆரம்பித்தது, அவர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார், இரண்டு பேரும் சிரித்தால் ஒரு நொடி தாமதமாக அவரும் சிரிப்பார். அந்த ஒரு நொடி. தடியன் கேக்கின் மேல் உட்கார்ந்த அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் அந்த ஒரு நொடி இருந்ததா என்று சவரிநாதன் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறான். இருந்தது என்றும் தோன்றும், இல்லை என்றும் தோன்றும். காற்று திரைச்சீலையை மறுபடி உப்ப வைத்தது. கீழே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அது கேட்டது, துல்லியமாகக் கேட்டது, மணியின் நாக்கு ஒரு பக்கம் மட்டும் இடிப்பது கூடக் கேட்டது. அதற்கும் பின்னால் கடல், எப்போதும் போல, யாரோ பெரிய துணியை இழுத்து இழுத்து மடிப்பது போல. இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவன் தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். நன்மைகளைக் கணக்கில் சேர்க்காமல் பாவங்களை மட்டும் எண்ணிக்கொண்டு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் மாதிரி.

அவனுக்கு இந்தக் காதை விட்டால் வேறு தொழில் கிடையாது. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுமாக வளர்ந்தவனுக்கு பிரான்சுக்குப் போனதும் கிடைத்த வேலை மற்றவர்களின் வாயாக இருப்பது. அடைக்கலம் கேட்டு வருகிறவர்கள் தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், அதிகாரி பிரெஞ்சில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், அதிலும் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் பங்கரில் இருந்தேன். நான் என் தம்பியை அங்கே விட்டுவிட்டு வந்தேன். இப்படி எத்தனை பேருடைய 'நான்' அவன் வாய் வழியாகப் போயிருக்கிறது, வேலை முடிந்து ரயிலில் வரும்போது தன் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வான். புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகும் வேலை விடவில்லை, இப்போது எல்லாம் கணினி வழியாக, இதே கூடத்தில், இதே சோபாவில். வெயில் காலத்தில் ஹெட்போன் வைத்தால் காதோரம் வேர்த்து வழிகிறது என்று புது ஸ்பீக்கர்களிலேயே குரலை வரவிட்டுக்கொண்டான். போன தடவை முல்லைத்தீவுக்காரர் ஒருவர் வந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியான கனத்த குரல் அவருக்கு இருந்திருக்க வேண்டும், அந்த மார்பையும் கழுத்தையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது, ஆனால் வந்ததோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அடிப்பாகம் இல்லாத குரல். ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. மன்னிக்க வேண்டும், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றான். சொன்னார். பிடிபடவில்லை. மூன்றாம் தரமும் கேட்டான். அவர், "பரவாயில்லை ஐயா, அது தேவையில்லை, விடுங்கோ" என்றார். அதை அவன் பிரெஞ்சில் சொன்னான். பரவாயில்லை, அது தேவையில்லை, விடுங்கள். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். விடுங்கோ. அந்தச் சொல் அவனுக்குள் முள் மாதிரி கிடந்தது. தேவையில்லாததையா ஒருவன் அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து இரண்டு தரம் சொல்லுவான்? செவ்வாய்க்கிழமை அவருக்கு மறுபடி விசாரணை அமர்வு. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நாளைக்கே சொல்லிவிட வேண்டும், அது நேர்மை. அப்படிச் சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது, அதற்குப் பிறகு இந்தச் சோபாவில் உட்கார்ந்து யாருடைய 'நான்' ஆகவும் இருக்க வேண்டியதில்லை, பிலோமின் எதிரில் வந்து நின்று சொல்வாள், சோறு, மருந்து, கதவு.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்பது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓடுகிறது என்று திரையில் பச்சைக் கோடு சொன்னது. ஒரு வேடிக்கை, இத்தனை யோசனைக்கு நடுவிலும் அவன் உடம்பு சந்தோஷமாகத்தான் இருந்தது, மீன்குழம்பின் புளிப்பு இன்னும் கடைவாயில் நின்றது, மத்தியான வெளிச்சம் தரையில் மேற்கு ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சாய்த்துப் போட்டிருந்தது, பயம் ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாடகைக்குக் குடியிருப்பவனைப் போல. மனசு ஸ்பீக்கர்களைப் பற்றி யோசிக்கவே விரும்பியது. எவ்வளவு ஆசையாக மாட்டின ஸ்பீக்கர்கள். பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி, இங்கே வந்து பிரித்தால் பிளக்கின் உருண்டைக் கால்கள் இங்கத்துச் சுவரில் நுழையவில்லை, அடாப்டர் தேடி நேரு வீதி முழுக்க அலைந்தான். பாவாடை என்கிற எலக்ட்ரீஷியன்தான் ஒயரெல்லாம் இழுத்துக் கொடுத்தான். ஊஃபரை மூலைக்குத் தள்ளிவிட்டு அதன் தலையில் தட்டினான், "சார், இத்த ஏத்தி வுடுங்க சார். சும்மா அதிரணும். கீழ் வூட்டுக்காரன் டிக்கெட் இல்லாமலே படம் பாக்கணும்." அவன் போனபிறகு சவரிநாதன் கையேட்டைப் பிரித்து உட்கார்ந்தான். பெட்டியின் முதுகில் இருக்கும் திருகைக் கடைசி வரை திறந்து விட்டுவிடுங்கள், எல்லைக்கோட்டை ஆம்ப்ளிஃபயரே பார்த்துக்கொள்ளும் என்று தெளிவான பிரெஞ்சில் போட்டிருந்தது. படித்தான், படித்துவிட்டு நம்பவில்லை. திறந்து விடுவதாவது. பிரான்சில் இருந்த காலம் முழுக்க எந்தக் காகிதத்துக்கும் ஒரு முத்திரை போதும் என்று நம்பிப் போய் இரண்டாவது முத்திரை எங்கே என்று திருப்பி அனுப்பப்பட்டவன் அவன், அதற்கப்புறம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டாகக் குத்தி வாங்கிக்கொண்டுதான் வரிசையை விட்டு வெளியே வருவான். அந்தப் பழக்கத்தில் ஆம்ப்ளிஃபயரிலும் எண்பது வைத்தான், மண்டிபோட்டுப் பெட்டியின் முதுகுத் திருகிலும் எண்பது வைத்தான். இரண்டு இடத்திலும் எண்பது. பத்திரம். அன்றைக்கு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது. இப்போது கட்டைவிரல் ரிமோட்டின் மேல் வேர்த்துப் பிசுபிசுத்தது. நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை இரண்டில் ஒன்றாக இருக்கலாம், தெரிந்துவிட்டால் ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் இரண்டாக இருக்கட்டுமே என்று விரல் நினைத்தது, அல்லது அவன் நினைத்தான், இந்த நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஜன்னல் திரை உப்பியது, வற்றியது, தூக்கம்கூட வந்தது.

"என்னாங்க!" உள்ளறையிலிருந்து பிலோமினின் குரல் வந்தது, தூக்கத்தில் பாதி கரகரத்து. அவன் கண்ணைத் திறந்தான். "என்னாங்க அது? பாத்திரமெல்லாம் குதிக்குது!" அவள் கதவைத் தாண்டி அடுப்படிப் பக்கம் ஓடியது தெரிந்தது, தட்டுகளை யாரோ அமுக்கிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. "மொந்தியே!" பயந்தால் அவளுக்குக் கடவுள் பிரெஞ்சில்தான் வருவார். "எவர்சில்வர் தட்டெல்லாம் ஸ்டாண்டோட ஆடுது, மாவு டப்பா மூடி தனியா தாளம் போடுது, நிறுத்துங்க அத்த!" "எத்த?" என்றான் சவரிநாதன். கேட்ட உடனே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது, ஆனால் கேட்டாகிவிட்டது. தட்டுகளை அமுக்கிய கை அப்படியே நிற்கிறது என்று அவனால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. பிறகு அவள் வந்தாள். எதிரில் நின்றாள். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது, கன்னத்தில் பாயின் கோடுகள். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "சத்தம்ங்க. இவ்ளோ சத்தம். கேக்கலையா?" என்றாள். அவள் கண்கள் அவன் காதைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தன. அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, இத்தனை நாளும் அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், சொல்லாமல், அவனைப் போலவே, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பட்டத்தைப் பறித்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு. கேட்குது என்று பொய் சொல்லலாம், தலையாட்டலாம். தலை ஆடவில்லை. "இல்ல, பிலோ" என்றான். "கேக்கல." சொல்லிவிட்டு எழுந்தான், எதற்கென்று தெரியாமல், ஒருவேளை அவள் தோளைத் தொடலாம் என்று, ஒருவேளை கணினியை அணைக்கலாம் என்று.

எழுந்து முதல் அடி வைத்தான், இரண்டாவது அடி வைத்தான், கடலில் இறங்குகிறவனுக்குக் கணுக்காலில் ஏறுகிற தண்ணீர் மாதிரி உள்ளங்காலில் ஏதோ ஏறியது. அடுத்த அடியில் அது முழங்காலில் இருந்தது, அதற்கடுத்ததில் வயிற்றில், வஞ்சிரக் குழம்புக்குப் பக்கத்தில், பிறகு நெஞ்சுக்கூட்டைப் பிடித்து அதனுள் உட்கார்ந்து ம்ம்ம்ம் என்று பாடியது. விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து கிளம்புகிற விசைப்படகின் சத்தம், எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பினால் எப்படியோ அப்படி. அடுப்படியில் மாவு டப்பாவின் மூடி கடகடத்தது, எப்படி இத்தனை நேரம் அது கேட்காமல் போயிற்று, பயம் எவ்வளவு சத்தமாக இருந்திருக்க வேண்டும். அவன் அப்படியே நின்றான். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தான். குறைந்தது. சோபாவில் போய் உட்கார்ந்தான். ஒன்றுமில்லை. எழுந்தான், நடந்தான், வந்தது. உட்கார்ந்தான், போயிற்று. "என்னா பண்றீங்க?" என்றாள் பிலோமின், இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியிருந்தது, காது போய் மூளைக்கு வந்துவிட்டதோ என்கிற பார்வை. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார வைத்தான். "நீ உட்காரு. சும்மா உட்காரு." அவள் உட்கார்ந்தாள். புருவம் ஏறியது. தலையை இடது பக்கம் சாய்த்தாள், வலது பக்கம் சாய்த்தாள். காதுக்குள் விரலை விட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். "அணைச்சிட்டீங்களா?" "இல்ல." "பொய்." "எழுந்து பாரு." எழுந்தாள், அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு போனாள், ஓவென்று வாயைப் பிளந்தாள், ஓடி வந்து மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. "எனக்கும் கேக்கல!" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஏங்க, எனக்கும் கேக்கலங்க! இங்க உட்கார்ந்தா எனக்கும் கேக்கல!" சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அதை அவன் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டான். "நான் வேற என்னென்னவோ நெனச்சி..." என்றாள். "நானும்தான்" என்றான்.

கட்டைவிரல் இப்போது தானாகவே அழுத்தியது, கோட்டை நூற்றுக்கு நகர்த்தினான், சோபாவில் உட்கார்ந்து கேட்டான். எண்பது கேட்க ஆரம்பித்தது, கொஞ்சம் மெலிவாகத்தான், ஆனாலும் கேட்டது. சுருதியையும் நூற்றுக்கு ஏற்றிப் பார்த்தான், அங்கே ஒன்றுமில்லை, பள்ளம் எழுந்து கோட்டின் பின்னாலேயே நூற்றுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது, எஜமானன் பின்னால் போகிற நாய் மாதிரி. கோட்டையும் சுருதியையும் பழையபடி எண்பதுக்கே கொண்டுவந்தான். மண்டிபோட்டுப் பெட்டியின் முதுகுக்குப் போனான், அங்கே அவன் வைத்த இரண்டாவது எண்பது, அவன் வைத்த இரண்டாவது முத்திரை, தூசியோடு அப்படியே இருந்தது. இரண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி வருவதற்குள் குண்டனுக்கு நேரம் தப்பியிருக்கிறது, ஸ்பீக்கர்கள் காற்றை முன்னால் தள்ளும்போது அவன் பின்னால் இழுத்திருக்கிறான், இரண்டு பக்கமும் ஒரே சுருதியைத்தான் நன்றாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அந்த இரண்டு பாட்டும் இந்தச் சோபாவின் தலைமாட்டில் வந்து ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. வீடு முழுக்க அதிர்ந்திருக்கிறது, அவன் உட்கார்ந்த இடத்தைத் தவிர. திருகைக் கடைசி வரைக்கும் திறந்துவிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தான். எண்பது வந்து அவன் மடியில் உட்கார்ந்தது, கனமாக, கதகதப்பாக. அடுப்படிப் பாத்திரங்கள் ஒருவாறு அடங்கியிருந்தன. யோசித்துப் பார்த்தால் காது தப்பிய இடமெல்லாம் இந்தச் சோபாதான், தடியன் கேக்கில் உட்கார்ந்ததும் இங்கேதான், முல்லைத்தீவுக்காரர் விடுங்கோ என்றதும் இங்கேதான். கோயிலில் பின்வரிசையில் சாமியாரின் பிரசங்கம் கேட்டிருக்கிறது, மார்க்கெட்டில் ராசாத்தியின் மகள் அடுத்த கடைக்காரியிடம் கிசுகிசுத்ததும் கேட்டிருக்கிறது. எல்லாமே இந்தப் பள்ளத்தால்தானா என்றால் அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, நாற்பத்தெட்டு வயசுக் காது, ஒரு நடை டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் வர வேண்டும், காட்டலாம், அதில் என்ன இருக்கிறது, பிலோமினையும் கூட்டிக்கொண்டு போகலாம், திரும்பும்போது கடற்கரையில் சுண்டல் தின்றுவிட்டு வரலாம். செவ்வாய்க்கிழமை வேர்த்தாலும் பரவாயில்லை, ஹெட்போனை வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும், போன அமர்வில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வாக்கியம் சரியாகக் கேட்கவில்லை, அதை அவர் மறுபடி சொல்ல அனுமதிக்க வேண்டும் என்று. அவர் என்ன சொல்வாரோ. அது என்னவானாலும் 'நான்' என்று ஆரம்பித்து அடிப்பாகத்தோடு முழுசாகச் சொல்ல வேண்டும்.

கணினியை மூடினான். எண்பது நின்றதும் கடல் முன்னைவிடப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்படியில் பிலோமின் தட்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள், அடுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள், எழுந்து வராமல், எதிரில் நிற்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு, பழையபடி. எலிசபெத் வீட்டுத் துக்கத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் வராமல் போன் பண்ணினார்கள், ஆன் அந்தப் புதுத் திரைச்சீலைக்கு எடுத்திருக்கிற கலர் கண்ணைப் பறிக்கிறது, பிரான்சில் லியோன் ஊர்க் குளிரில் அதுக்கு யார் மஞ்சள் போடச் சொன்னது, கோயில் பாட்டுக்காரப் பெண் இந்த வாரமும் சுருதி இறங்கிப் பாடினாள், நீங்க கவனிச்சீங்களா, இல்ல தூங்கிட்டீங்களா, ஒன்றுக்கும் உதவாத பேச்சு, அவன் கண்ணை மூடிக்கொண்டு அதில் கிடந்தான். நடுவில் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தில் கடைசி வாக்கியம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நேற்றாக இருந்தால் தலையாட்டியிருப்பான்.

"என்னா?" என்றான்.

குழாய் நின்றது. கடல் ஒருமுறை இழுத்து மடித்தது.

"என் செவுட்டு மகராசா!" என்று அடுப்படியிலிருந்து ராகத்தோடு வந்தது. "காப்பிக்குப் பால் வைக்கட்டான்னு கேட்டேன், காதுல விழுதுங்களா?"

நன்றாகவே விழுந்தது, ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது, மகராசாவின் கடைசி இழுப்பு கூட விழுந்தது. சவரிநாதன் சோபாவில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டான்.

"என்னா?" என்றான் மறுபடியும்.